வலிப்பு நின்றால் போதுமா? ஞாபகத்தையும் கேட்டுப் பார்ப்போம்

(கண்டியில் கூடிய தோட்டத் தலைவர்கள், மாதர் கிளைத் தலைவிகள் மத்தியில் ஓய்வுபெற்ற தோட்ட வைத்திய உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, ரங்கலை, மடுல்கலை என்று பல பக்கமிருந்தும் விடியற்காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். சம்பளத்தைப் பற்றிப் பேசினால் கூட்டம் சூடாக இருக்கும். எனக்குத் தந்திருக்கும் தலைப்போ ஒரு வியாதி. ஆனால் கடைசிவரை கேளுங்கள். இந்த வியாதியும் செக்ரோலில்தான் போய் நிற்கிறது, அரைப் பேராகவும் வேலை நீக்கமாகவும்.

வலிப்பு நோயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். காக்கா வலிப்பு என்போம், இழுப்பு என்போம். ஆள் விழுவது, கை கால் இழுப்பது, வாயில் நுரை தள்ளுவது, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிவதால்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம். இன்று நான் சொல்ல வந்தது கண்ணுக்குத் தெரியாத பகுதி. வலிப்பு உள்ளவர்களில் பலருக்கு ஞாபக சக்தி, கவனம், யோசிக்கும் வேகம், சொல்லைத் தேடிப் பிடிக்கும் திறன் ஆகியவை மெல்ல மெல்லக் குறைந்திருக்கும். அவருக்கே அது தெரியாது. வீட்டுக்காரருக்கும் தெரியாது. கிளினிக்கில் யாரும் கேட்பதும் இல்லை.

சோம்பேறிப் பட்டம்

ஒரு தங்கச்சியை எடுத்துக்கொள்வோம். குறிப்பிட்ட ஒருவரைச் சொல்லவில்லை. உங்கள் ஒவ்வொரு டிவிஷனிலும் இப்படி ஒருவர் இருப்பார். வயது முப்பத்தைந்து. பதினைந்து வயதில் வலிப்பு வந்தது. கிளினிக்கில் காட்டி, குளிசை போட்டு, இப்போது வலிப்பு வருடத்துக்கு ஒன்றிரண்டுதான். “சுகமாகிவிட்டது” என்று எல்லோரும் நினைக்கிறார்கள்.

ஆனால் பெரட்டில் கங்காணி சொன்ன மலை நம்பரை மறந்து வேறு மலைக்குப் போய்விடுகிறாள். நிரையில் பக்கத்து ஆள் முடித்துவிட்டுப் போன பிறகும் இவள் பாதியில் நிற்கிறாள். கிலோ குறைகிறது, அரைப் பேர் விழுகிறது. கடைக்குப் போனால் மூன்று சாமானில் ஒன்று விட்டுப்போகிறது. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டுப் பீலிக்குப் போய்விடுகிறாள். வீட்டில் புருஷன் சத்தம் போடுகிறான். மாமியார் “கூறு கெட்டவள்” என்கிறார். கங்காணி “சோம்பேறி” என்கிறார். கணக்கப்பிள்ளை “வேண்டுமென்றே செய்கிறாள்” என்று ஆபீஸுக்கு எழுதுகிறார்.

அவள் எங்கே போய் என்ன சொல்வாள்? கிளினிக்கில் கேட்பது ஒரே கேள்விதான்: “வலிப்பு வந்ததா?” இல்லை என்கிறாள். அதே குளிசையை எழுதித் தருகிறார்கள். அடுத்தவர் வருகிறார். டொக்டர்மாரைக் குறை சொல்லவில்லை. ஒரு காலைப் பொழுதில் நூறு கொப்பிகளைப் பார்க்க வேண்டியவருக்கு ஒரு ஆளுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தில் ஞாபகத்தைப் பற்றியும் பேச்சு வர வேண்டுமென்றால், அதை நாம்தான் கொண்டு வர வேண்டும்.

பேராதனை சொன்ன பாடம்

கேட்டால்தான் தெரியும் என்பதற்கு நமது பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பேராசிரியராக இருந்த நிமல் சேனாநாயக்க வலிப்பு நோயாளிகளிடம் நுணுக்கமாக விசாரிப்பவர். வலிப்பு வந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். சிலருக்குச் சாப்பிடும்போது மட்டும் வலிப்பு வருவது அப்படித்தான் வெளியில் வந்தது. சிலருக்குக் கடதாசி விளையாடும்போது, டாம் விளையாடும்போது, அதாவது மூளையைப் போட்டுக் கணக்குப் பார்க்கும் நேரத்தில் வலிப்பு வந்தது. 1987 இலும் 1990 இலும் அவர் எழுதிய இந்தக் கட்டுரைகள் உலகத்தின் மருத்துவச் சஞ்சிகைகளில் வந்தன.

இதில் நமக்கு இரண்டு விசயம் இருக்கிறது. வலிப்பும் யோசிப்பதும் ஒரே மூளையில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கின்றன, ஒன்றில் நெருப்புப் பிடித்தால் மற்றதில் புகை போகும். அடுத்தது, நோயாளி தானாகச் சொல்லாத ஒன்று, கேட்ட பிறகுதான் வந்தது.

ஞாபகம் மூளையில் எங்கே இருக்கிறது என்பதையே உலகம் ஒரு வலிப்பு நோயாளியிடமிருந்துதான் கற்றுக்கொண்டது. 1953 இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்குக் கடுமையான வலிப்பை நிறுத்துவதற்காக ஒப்பரேஷன் செய்தார்கள். இரண்டு காதுக்கும் உட்பக்கமாக இருக்கும் மூளைப் பகுதியில் சிறிதளவை எடுத்தார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008 இல் அவர் இறக்கும் வரை, புதிதாக எதையும் மனதில் நிறுத்த அவரால் முடியவில்லை. காலையில் சந்தித்தவரை மாலையில் தெரியாது. பெரியவர்களுக்கு வரும் வலிப்பில் பெரும்பகுதி தொடங்குவதும் அதே இடத்தைச் சுற்றித்தான். ஆகவே ஒப்பரேஷன் செய்யாதவர்களுக்கும் அந்த இடம் மெல்லப் பழுதாகலாம்.

ஏன் குறைகிறது?

இதற்குப் பொதுவாக நான்கு காரணம் சொல்லலாம். ஒரு ஆளுக்கு ஒன்றும் இருக்கலாம், நான்கும் சேர்ந்தும் இருக்கலாம்.

முதலாவது, வலிப்பைக் கொண்டுவந்த மூலக் காரணம். பிறக்கும்போது மூச்சுத் திணறியிருக்கலாம், மூளைக் காய்ச்சல் வந்திருக்கலாம், படியிலோ பள்ளத்திலோ விழுந்து தலையில் அடிபட்டிருக்கலாம். அந்தத் தழும்பே ஞாபகத்தையும் பாதிக்கும். அதனால்தான் குளிசை தொடங்கும் முன்பே சிலருக்குக் குறை இருக்கிறது. பிரித்தானியாவில், புதிதாக வலிப்பு கண்டுபிடிக்கப்பட்டு இன்னும் மருந்து தொடங்காத பெரியவர்களைச் சோதித்து 2010 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு சோதனையிலாவது குறை தெரிந்தது. வலிப்பு இல்லாதவர்களில் அப்படி இருந்தது ஐந்தில் ஒருவர் அளவுதான்.

இரண்டாவது, வலிப்பே. நித்திரையில் வரும் வலிப்பு தெரியாமலே போகும். காலையில் நாக்கில் கடி, தலையிடி, நனைந்த பாய் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். விழாமல் வரும் வலிப்பும் உண்டு. ஆள் சில வினாடி வெறித்துப் பார்ப்பார், வாயைச் சப்புவார், சேலை நுனியைப் பிசைவார், கூப்பிட்டால் கேட்காது. இதையும் வலிப்பு என்று எண்ணிக் கணக்கெடுக்க வேண்டும்.

மூன்றாவது, மருந்து. குளிசை இல்லாமல் முடியாது. சரியாக மருந்து கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 வீதம் வரையானவர்கள் வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. ஆனால் அளவு கூடினால் அதுவே மூளையை மந்தமாக்கும். பினோபாபிடோன் தூக்கக் கலக்கம் தரும். பெனிடோயின் கூடினால் நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். தவறணைக்குப் போய் வந்தவர் என்று ஊர் சொல்லும். கார்பமசெபைன் சிலருக்கு இரத்தத்தில் உப்பைக் குறைத்துக் குழப்பத்தைக் கொண்டுவரும். டோபிரமேட் போட்டால் சிலருக்குச் சொல் வாயில் வராது. லெவெடிரசெடாம் சிலருக்குக் கோபத்தைக் கூட்டும். இவற்றில் பெரும்பாலானவை அளவை மாற்றினால், மருந்தை மாற்றினால் சீராகக்கூடியவை. அதனால்தான் சொல்கிறேன், கேட்டுப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

நான்காவது, மனமும் உடம்பும். மனச்சோர்வு வந்தவருக்கு ஞாபகம் நிற்காது. வலிப்பு உள்ளவர்களில் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம். இரத்தச்சோகை நமது பெண்களிடம் எவ்வளவு இருக்கிறது என்பது மாதர் தலைவிகளுக்குத் தெரியும். அதோடு நித்திரைக் குறைவு, தைரொயிட் கோளாறு, கசிப்பு எல்லாம் சேர்ந்துகொள்ளும். இவையும் பார்த்துச் சரிசெய்யக்கூடியவை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வலிப்பு உள்ள எல்லோருக்கும் புத்தி குறையும் என்று யாரும் வெளியில் போய்ச் சொல்லக் கூடாது. ரஷ்யாவின் பெரிய நாவலாசிரியர் தொஸ்தோயெவ்ஸ்கி வலிப்பு நோயாளி. நமது தோட்டங்களில் படித்து ஆசிரியராகி, கிளார்க்காகி நல்லபடியாக இருப்பவர்களிலும் வலிப்பு உள்ளவர்கள் உண்டு. யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதைப் பிரித்துப் பார்க்கத்தான் சோதனை.

சோதனை என்றால் என்ன?

பயப்பட ஒன்றுமில்லை. ஊசி இல்லை, இரத்தம் எடுப்பதில்லை, மெஷினுக்குள் படுக்க வைப்பதும் இல்லை. பத்துப் பதினைந்து நிமிடம் எதிரே உட்கார்ந்து சில கேள்வி கேட்பார்கள். ஐந்து சொல்லைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். மணிக்கூடு வரையச் சொல்வார்கள். மிருகத்தின் படம் காட்டிப் பெயர் கேட்பார்கள். உலகம் முழுக்கப் பாவிக்கும் ஒரு சோதனைக்கு 30 புள்ளி. 26 க்குக் கீழே போனால் மேலும் பார்க்க வேண்டும் என்பது அதைச் செய்தவர்கள் வைத்த அளவு.

இப்படியான முன்சோதனையைப் புதிதாக வலிப்பு கண்டுபிடிக்கப்படும் எல்லோருக்கும் வழமையாகச் செய்ய வேண்டும் என்று வலிப்பு நோய்க்கு எதிரான சர்வதேச மருத்துவர் சங்கத்தின் குழு 2015 இலேயே எழுதிவிட்டது. ஞாபகத்தோடு மனநிலையையும் கேட்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

ஆனால் தோழர்களே, இங்கேதான் தொழிற்சங்கம் விழித்திருக்க வேண்டும்.

அந்தச் சோதனையில் காட்டும் மிருகங்களில் காண்டாமிருகமும் ஒட்டகமும் உண்டு. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு மலைக்கு வந்த ஒரு அம்மா காண்டாமிருகத்தை எங்கே பார்த்தார்? பெரட்டுச் சங்கைக் கேட்டு எழும்பி, சங்கைக் கேட்டு வீட்டுக்குப் போனவரிடம் மணிக்கூட்டை வரையச் சொன்னால் என்ன வரும்? பேனை பிடித்து எத்தனை வருடம்? புள்ளி குறையும். குறைந்தது மூளையா, படிப்பா? படிப்புக் குறைந்தவர்களுக்கு ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கும் விதி அந்தச் சோதனையிலேயே இருக்கிறது. எழுத வாசிக்கவே தெரியாதவருக்கு அந்த ஒரு புள்ளி போதாது.

அடுத்தது மொழி. தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ கேள்வி கேட்டு, பக்கத்தில் நிற்கும் யாரோ ஒருவரை மொழிபெயர்க்க வைத்து எடுக்கும் புள்ளிக்கு மதிப்பில்லை. “ஐந்து சொல்லை ஞாபகம் வை” என்பதை இரண்டு மொழியில் கேட்டால் பத்துச் சொல் ஆகிவிடும். கூட வந்த மகனே மொழிபெயர்த்தால், அம்மா வெட்கப்படக் கூடாதென்று பதிலையும் அவனே சொல்லிவிடுவான். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. தமிழில் சோதிக்கும்படி கேட்பது சலுகை கேட்பதாகாது. நமது ஆட்களுக்குப் பழக்கமான படங்களோடு, எழுத்துத் தெரியாதவர்களுக்கும் பொருந்தும் விதமாகச் சோதனை வேண்டும் என்பதை நாம் சுகாதாரப் பகுதியிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.

இன்னொன்று. முன்சோதனை தீர்ப்பில்லை. தேயிலைத் தூளைச் சலிக்கும் சல்லடை மாதிரி, எதை மேலும் பார்க்க வேண்டும் என்று பிரித்துக் காட்டும், அவ்வளவுதான். புள்ளி குறைந்தவர்களை நரம்பியல் டொக்டர் பார்க்க வேண்டும். மருந்தின் அளவு, இரத்தம், ஈ.ஈ.ஜி., தேவையானால் ஸ்கேன், மனநிலை எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் காரணம் தெரியும். பெரியவர்களுக்குக் கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனைப் போதனா வைத்தியசாலையும், பிள்ளைகளுக்குப் பேராதனை சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலையும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

சோதனைக்குப் போகும் நாளையும் பார்க்க வேண்டும். வலிப்பு வந்து ஒன்றிரண்டு நாளுக்குள் எடுத்தால் புள்ளி குறையத்தான் செய்யும். முதல் நாள் வலிப்பு வந்திருந்தால், இரவு நித்திரை இல்லாமலிருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடு போகட்டும். காது மந்தமானால் அதையும் சொல்லட்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

சோதனை எல்லா இடத்துக்கும் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. வீட்டில் உள்ளவர்கள் ஆறு விசயத்தைக் கவனித்து, கிளினிக் கொப்பிக்குள் ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.

1. சற்று முன் சொன்னதை மறந்து அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாரா?
2. தெரிந்த ஆட்கள், தெரிந்த சாமான்களின் பெயர் வாயில் வராமல் தடுமாறுகிறாரா?
3. பல வருடம் செய்த வேலையின் வரிசை குழம்புகிறதா? சமைப்பது, கணக்குக் கொடுப்பது, கொழுந்து எடுப்பது எதுவானாலும் சரி.
4. குளிசை போட்டாரா இல்லையா என்பது அவருக்கே சந்தேகமாக இருக்கிறதா?
5. முன்பு இல்லாத தூக்கக் கலக்கம், தள்ளாட்டம், கோபம், அழுகை, ஒதுங்கியிருத்தல் வந்திருக்கிறதா?
6. இவை எப்போதிருந்து? மருந்து மாற்றியதற்கு முன்பா, பின்பா?

இந்த ஆறில் நான்காவது உயிர் சம்பந்தப்பட்டது. ஞாபகம் குறைந்தவர் குளிசையை மறக்கிறார். மறந்தால் வலிப்பு வருகிறது. வலிப்பு வந்தால் ஞாபகம் இன்னும் குறைகிறது. அல்லது போட்டதை மறந்து இரண்டாம் முறையும் போட்டு மயங்கிக் கிடக்கிறார். இந்த வட்டத்தை உடைக்க ஆஸ்பத்திரி தேவையில்லை. ஏழு நாளுக்கு ஏழு சின்னப் பெட்டி அல்லது ஏழு உறை, காலைத் தேத்தண்ணியோடு ஒன்று, சாமி விளக்கு வைக்கும் நேரத்தில் ஒன்று என்று பழக்கப்படுத்துங்கள். போனில் மணி வையுங்கள். வீட்டில் ஒருவர் பொறுப்பெடுங்கள். மலை நம்பர், நிரை, கடைச் சாமான் எல்லாவற்றையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதட்டும்; எழுதத் தெரியாதவருக்குப் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும்.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பில் சில வினாடி வெறித்துப் பார்க்கும் பிள்ளையை “கனவு காண்கிறான்” என்பார்கள். ஒரு நாளைக்கு அப்படிப் பல தடவை போனால், பாடத்தில் பல ஓட்டை விழுந்திருக்கும். மூன்றாம் வகுப்பு வரை நன்றாகப் படித்த பிள்ளை திடீரென்று பின்தங்கினால் அடிப்பதற்கு முன் டொக்டரிடம் காட்டுங்கள். புலமைப்பரிசில் எழுதவில்லை என்று அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டு வேலைக்குக் கொழும்புக்கு அனுப்பி விடாதீர்கள். வலிப்பு உள்ள பிள்ளைக்கு அந்நிய வீட்டில் குளிசையை யார் எடுத்துக் கொடுப்பார்?

பிள்ளை பெறும் வயதில் இருக்கும் சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டும். சோடியம் வல்ப்ரோயேட் என்ற மருந்தைக் கர்ப்ப காலத்தில் போட்ட தாய்மாரின் பிள்ளைகளை ஆறு வயதுவரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2013 இல் வந்தது. அந்தப் பிள்ளைகளின் புத்திக்கூர்மை அளவு சராசரி 97. மற்ற மூன்று வலிப்பு மருந்து போட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்கு 105 முதல் 108. ஆகவே உங்கள் குளிசையின் பெயர் என்ன என்று பாருங்கள். அதுவாக இருந்தால், கர்ப்பம் தரிக்கும் முன்பே டொக்டரிடமும் மிட்வைஃப் அம்மாவிடமும் பேசுங்கள். ஆனால் நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம்.

கோயிலில் கயிறு கட்டுவதையும் பூசாரியிடம் திருநீறு வாங்குவதையும் நான் தடுக்க வரவில்லை. கயிறு கையில் இருக்கட்டும், குளிசை வாயில் போகட்டும். வலிப்பு வந்தால் இரும்பும் சாவிக்கொத்தும் வேண்டாம். வாயில் ஒன்றும் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

தோட்ட நிர்வாகமும் இந்தச் சோதனையும்

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். உங்களில் சிலர் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும்: “சோதித்துப் பார்த்துக் குறை இருக்கிறது என்று எழுதிவிட்டால், அந்தக் கடதாசியை வைத்தே துரை வேலையை நிறுத்திவிடுவாரே?” நியாயமான பயம். இந்தப் பயத்தால்தான் பலர் வலிப்பையே மறைக்கிறார்கள். மறைத்துக்கொண்டு கவாத்துக் கத்தியோடு சரிவில் நிற்கிறார்கள், தொழிற்சாலையில் ரோலருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள். மறைப்பதால் வேலை மிஞ்சுகிறது, கை போகிறது.

இதற்கு என்ன செய்யலாம்? முதலில், சோதனையின் முடிவு நோயாளிக்கும் டொக்டருக்கும் சொந்தம். தோட்ட ஆபீஸுக்குக் கொடுக்க வேண்டிய கடதாசி, “இன்ன வேலை செய்யலாம், இன்ன வேலை செய்யக் கூடாது” என்ற மருத்துவச் சிபாரிசு மட்டுமே. எத்தனை புள்ளி என்பது துரைக்குத் தேவையில்லை. அந்த விபரத்தை மடுவத்தில் வைத்துப் பேசுவது நமது ஆட்களானாலும் தப்பு. தலைவர்மாரே, இது உங்களுக்குத்தான்.

இரண்டாவது, சட்டம் இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டித் தொழிலிலோ கல்வியிலோ பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. இயலாமை உள்ளவர்களின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. வேலையிலிருந்து நிறுத்தினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆறு மாதம் என்பதை எழுதி வையுங்கள். ஞாபகம் குறைந்தவர் அந்தத் தேதியை நினைவில் வைத்திருக்க மாட்டார், தலைவர்தான் வைத்திருக்க வேண்டும்.

அதே காரணத்தால், இப்படியான தொழிலாளியிடம் ஆபீஸில் தனியாகக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்க விடாதீர்கள். ராஜினாமாக் கடிதம், சேமலாப நிதி விண்ணப்பம், கடன் பத்திரம், வீட்டுக் காணிப் பத்திரம் எதுவானாலும் தலைவரோ குடும்பத்தவரோ பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்ல வேண்டும். “கேட்டேன், தலையாட்டினாள்” என்பது சம்மதம் ஆகாது.

மூன்றாவது, கங்காணிமாரோடு பேசுங்கள். அவர்களும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள்தான். ஒரே தடவையில் நான்கு வேலை சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்வது, தெரிந்த மலையிலேயே போடுவது, நிதானமான ஒரு கூட்டாளியைப் பக்கத்து நிரையில் விடுவது, இதற்கெல்லாம் கம்பெனிக்கு ஒரு சதமும் செலவில்லை. சரிவும் கத்தியும் மெஷினும் மருந்து அடிக்கும் வேலையும் இல்லாத இடத்துக்கு மாற்றினால் பேர் குறையாமல் மாற்ற வேண்டும்.

சங்கத்திடம் நான் கேட்பது

இந்தக் கூட்டம் நான்கு விசயத்தைத் தீர்மானமாக எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, வலிப்புக் கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. தெல்தோட்டையின் மேல் டிவிஷனிலிருந்து கண்டிக்கு வந்து, வரிசையில் நின்று, மருந்து எடுத்துக்கொண்டு திரும்பினால் முழு நாளும் போய்விடுகிறது. பேர் போகும் என்றுதான் பலர் கிளினிக்கை விடுகிறார்கள்.

இரண்டு, கண்டி மாவட்டத்தின் வலிப்புக் கிளினிக்குகளில் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஞாபகத்துக்கும் மனநிலைக்கும் தமிழில் முன்சோதனை செய்யும்படி மாகாண, மத்திய சுகாதாரப் பகுதிகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். நரம்பு நோய்களுக்காக 2022 முதல் 2031 வரைக்கும் உலக நாடுகள் ஒரு செயற்திட்டத்தை ஏற்றிருக்கின்றன. அதில் வலிப்பு பெயர் சொல்லியே இருக்கிறது. அதைக் காட்டியே கேட்கலாம்.

மூன்று, ஒவ்வொரு மாதர் கிளையிலும் இரண்டு பேர் அந்த ஆறு கேள்வியைத் தெரிந்துகொண்டு, வலிப்பு உள்ள வீடுகளுக்கு மாதம் ஒரு தடவை போய் வர வேண்டும். பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு, மந்தமான வேலை என்று ஆபீஸ் கடிதம் வந்தால், பதில் எழுதும் முன் தலைவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “இவருக்கு வலிப்பு இருக்கிறதா? என்ன குளிசை போடுகிறார்?” அந்த ஒரு கேள்வியால் சில வேலைகளையாவது காப்பாற்றலாம்.

கிலோ குறைந்தால் மடுவத்தில் தராசு சொல்கிறது, செக்ரோலில் பதிவாகிறது. ஞாபகம் குறைவதை நிறுக்க நமது தோட்டங்களில் இன்னும் தராசு வரவில்லை. வரும்வரை, பக்கத்து நிரையில் நிற்கும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் லயத்தில் வலிப்புக் குளிசை போடும் ஒருவரைப் போய்ப் பாருங்கள். “வலிப்பு வந்ததா?” என்று கேட்டுவிட்டு எழும்பாமல், “ஞாபகம் எப்படி இருக்கிறது?” என்றும் கேளுங்கள். பதிலைக் கொப்பியில் எழுதி அடுத்த கிளினிக்குக்கு அனுப்பி வையுங்கள்.